காந்தத்துக்குக் கீழே

கிரேன் அறைக்குப் போக அறுபத்திரண்டு படி ஏற வேண்டும். செங்குத்தான இரும்பு ஏணி. பாதியில் நின்று மூச்சு வாங்க ஒரு சின்னத் தட்டு. காலையில் ஏறினால் அவள் மாலையில்தான் இறங்குவாள். சாப்பாடு, தண்ணீர், படிக்கிற புத்தகம் எல்லாம் தோள்பையில் கூடவே ஏறும். மேலே கண்ணாடிக் கூண்டுக்குள் உட்கார்ந்து, ஓர் ஆள் கைகாலை நீட்டிப் படுக்கும் அகலத்துக்கு இருக்கும் வட்ட மின்காந்தத்தை இறக்கி, பழைய இரும்பை அள்ளி, ஒரு குவியலிலிருந்து இன்னொரு குவியலுக்கு மாற்றிப் போடுவது அவள் வேலை. நாற்பது ஆண்கள் வேலை பார்க்கும் அந்தக் கிடங்கில் பெண் என்று இருந்தது அவள் ஒருத்திதான். வயது வித்தியாசம் பார்க்காமல் எல்லாரும் அவளைக் 'கிரேன் அக்கா' என்றார்கள்.

அது அவள் புருஷன் உட்கார்ந்த இருக்கை. ஆறு வருடத்துக்கு முன் அவன் மாரடைப்பில் போய்ச் சேர்ந்தபோது மேனேஜர் வேறு ஆள் தேடினார். "அண்ணனே அவங்களுக்கு ஓட்டச் சொல்லிக் கொடுத்திருக்காரு சார், லைசென்ஸ்கூட இருக்கு" என்று கையைக் காலைப் பிடித்து அந்த வேலையை அவளுக்கு வாங்கிக் கொடுத்தவன் அவளுடைய கொழுந்தன். வீட்டில் அவனுக்குப் பேர் 'சின்னவன்'. அதே கிடங்கில் வெட்டும் கொட்டகையில், கேஸ் கட்டரால் இரும்பை அறுக்கும் வேலை அவனுக்கு. ஒரே வீடு. கீழே அவனும் அவன் மனைவியும். மாடியில் இவளும் பதினைந்து வயது மகளும். வாங்கிக் கொடுத்த வேலையை அவன் ஒரு நாளும் மறக்கவில்லை. மறக்க விடவும் இல்லை.

வாசலில் எடைமேடை. லாரி அதன் மேல் ஏறி நின்றதும் எடையைக் குறித்து, எந்தக் குவியலுக்குப் போக வேண்டும் என்று வாக்கி டாக்கியில் சொல்லும் ஆளை எல்லாரும் 'தராசு' என்பார்கள். ஐம்பதை ஒட்டிய மனிதர். ஒல்லி. சட்டைப் பையில் எப்போதும் ஒரு மவுத் ஆர்கன் துருத்திக்கொண்டிருக்கும். வருடக்கணக்கில் அவருக்கும் அவளுக்கும் நடந்த பேச்செல்லாம் "கிரேன், கிரேன், மூணாம் குவியல்" என்பதும் "சரிண்ணே" என்பதும்தான்.

ஒரு நாள் மதியம் லாரி எதுவும் வராத நேரத்தில் வாக்கி டாக்கி கரகரத்தது.

"கிரேன், அங்கேருந்து பார்த்தா நிலா தெரியுதாம்மா?"

"பட்டப்பகல்ல நிலாவா?"

"பகல்லயும் இருக்கும்மா. கிழக்கால பாருங்க. எனக்கு இங்க கூரை மறைக்குது."

பார்த்தாள். கரைந்துபோன சோப்புத் துண்டு மாதிரி வெளிறிப்போய்க் கிடந்தது நிலா. நாற்பத்திரண்டு வயது வரைக்கும் அது பகலில் கண்ணில் பட்டதே இல்லையா, பட்டும் கவனிக்கவில்லையா என்று அவளுக்கே தெரியவில்லை. "இருக்குண்ணே!" என்று சின்னப் பிள்ளை மாதிரி கத்திவிட்டாள்.

அன்றைக்குத் தொடங்கியது. தினமும் மதியம் அவருக்குப் பிடித்தது ஒன்று, அவளுக்குப் பிடித்தது ஒன்று. பள்ளிக்கூடத்தை எட்டாவதோடு விட்டவர் என்றாலும் தராசுக்கு விஞ்ஞானம் என்றால் உயிர். ஆக்டோபஸுக்கு மூன்று இதயம் என்பார். "ஒண்ணே போதாதாண்ணே, இதுவே படுத்துற பாட்டுக்கு?" என்பாள் அவள். பெரிய நட்சத்திரம் தன் வயிற்றுக்குள் எதை எதையோ எரித்துக் கடைசியில் இரும்பு வரைக்கும் வந்துவிட்டால் அதோடு அதன் கதை முடிந்தது, அப்புறம் வெடிப்புதான் என்று ஒரு நாள் சொன்னார். அவள் கீழே கிடந்த ஆயிரம் டன் துருவைப் பார்த்து, "அப்போ நாம அள்ளிக் கொட்டுறதெல்லாம் செத்துப்போன நட்சத்திரமா?" என்றாள்.

பாட்டு என்றால் இருவருக்கும் ஆசை, ஆனால் ரசனை வேறு. அவர் மவுத் ஆர்கனில் இரண்டு வரி வாசித்துக் காட்டுவார். அவளுக்கோ புல்லாங்குழல். அதிலும் வாசிப்பைவிட, வாசிப்பதற்கு முன் ஊதுகிறவர் மூச்சை உள்ளே இழுக்கும் அந்தச் சின்னச் சத்தம். "அத யாரும்மா கேப்பாங்க?" என்றார். "நான் கேப்பேன்" என்றாள்.

அப்புறம் அவளுடைய கதை. தெருமுனை வாடகை நூலகத்தில் எடுத்த ஏழு பாகத் தடிப் புத்தகம். இறக்கை வெட்டப்பட்ட ராணி, கோபுரச் சிறை, சுவர் ஏறும் திருடன், நெருப்பு விழுங்கும் பறவைகள். தராசுக்குக் கதை படிக்கப் பொறுமை கிடையாது, கேட்கப் பொறுமை உண்டு. நாளுக்கு ஓர் அத்தியாயம் சொல்லுவாள். "அப்புறம்? அப்புறம்?" என்று உயிரை வாங்குவார்.

கிடங்கில் வாக்கி டாக்கி மொத்தம் நான்கு. எல்லாம் ஒரே அலைவரிசை. ஒன்று அவளிடம். ஒன்று தராசிடம். மேனேஜருடையது மேசை இழுப்பறைக்குள் அணைந்தே கிடக்கும். நான்காவது, வெட்டும் கொட்டகையில் சின்னவன் நிற்கும் இடத்துக்குப் பக்கத்தில் ஓர் ஆணியில் தொங்கியது. அது அவளுக்குத் தெரியாமல் இல்லை. ஒளிக்க ஒன்றும் இல்லாததால் அவள் அதை நினைக்கவில்லை, அவ்வளவுதான்.

ஒரு புதன்கிழமை மாலை அவள் மாடிப்படி ஏறும்போது சின்னவன் குறுக்கே கையை நீட்டினான்.

"வாக்கி டாக்கியில சிரிப்புச் சத்தம் காதைப் பொளக்குதே அண்ணி."

"லாரி இல்லாத நேரத்துல நாலு வார்த்தை பேசறோம். அவரை நான் அண்ணேன்னுதான் கூப்பிடறேன். உனக்குக் கேட்டிருக்குமே."

"அண்ணேன்னு கூப்பிட்டா எல்லாம் சரியாப் போயிடுமா? கொட்டகையில பசங்க என்னைப் பார்த்து இளிக்கறானுங்க. எங்க அண்ணன் உக்காந்த சீட்டு அது."

"உங்க அண்ணன் இருந்திருந்தா அவரும் கூடச் சேர்ந்து பேசியிருப்பாரு" என்று சொல்லி, நீட்டிய கையைத் தள்ளிவிட்டு மேலே போனாள். பின்னால் சுவரில் ஒரு குத்து விழுந்தது. சுண்ணாம்பு உதிர்ந்தது. கீழே நின்ற ஓரகத்தி, சின்னவனின் மனைவி, தலையைக் கவிழ்த்துக்கொண்டாள். அவளுக்கு அந்தச் சத்தம் பழக்கம். சுவரில் விழாத நாட்களில் அது எங்கே விழும் என்பது அவளுக்குத்தான் தெரியும்.

மறுநாள் மதியம் ஐந்தாம் பாகத்தின் முக்கியமான கட்டம். செத்துப்போன ராஜாவின் தம்பிதான் ராணியைக் கோபுரத்தில் அடைத்து வைத்திருக்கிறான். விடிந்தால் அவள் தப்பியாக வேண்டும். இவள் சொல்லச் சொல்ல, கொட்டகையில் சின்னவன் ஒரு கம்பியை அறுத்து முடித்துக் கட்டரை அணைத்திருக்கிறான். முன்னால் சொன்னது எதுவும் அவன் காதில் விழவில்லை. இரைச்சல் நின்ற பிறகு விழுந்தது இதுதான்:

"நாளைக்குக் கிளம்பிடுவாண்ணே. எல்லாம் தயார். அவன் கீழ காத்துட்டிருப்பான்."

"தம்பிக்காரன் விடுவானா? சாவி அவன்கிட்டல்ல இருக்கு?"

"விடமாட்டான். அதான் அவன் கழுத்தை அறுத்துட்டுப் போறதா முடிவு பண்ணிட்டா."

"அறுக்கட்டும்மா. அறுக்கட்டும். இத்தனை நாள் அவன் படுத்தின பாட்டுக்கு."

இருவரும் சிரித்தார்கள்.

அவள் சோற்று டப்பாவை மூடிக்கொண்டிருந்தபோது வெட்டும் கொட்டகையிலிருந்து மூன்று பேர் வெளியே வருவது தெரிந்தது. நடுவில் சின்னவன். மற்ற இருவரும் அவன் கூட வேலை பார்க்கும் ஆட்கள், ஒருத்தன் குண்டன், இன்னொருத்தன் நெட்டை. மூன்று பேர் கையிலும் முழ நீள இரும்புக் குழாய். வேலைக்குத்தான் எடுத்துப் போகிறார்கள் என்று நினைத்தாள். அவர்கள் குவியல் பக்கம் திரும்பாமல் நேராக எடைமேடைக்கு நடந்தார்கள்.

தராசு உட்காரும் அறையின் கண்ணாடி உடைந்தது முதலில். சத்தம் மேலே வரவில்லை, சில்லுகள் வெயிலில் மின்னியதுதான் தெரிந்தது. பிறகு தராசைச் சட்டைக் காலரைப் பிடித்து ஜன்னல் வழியாகவே வெளியே இழுத்தார்கள். சட்டத்தில் ஒட்டியிருந்த கண்ணாடி அவர் வயிற்றைக் கிழித்தது. தரையில் தரதரவென்று இழுத்து வந்து மூன்றாம் குவியலின் ஓரத்தில் போட்டார்கள்.

அவள் வாக்கி டாக்கியை எடுத்து, "டேய் சின்னவனே! விடுடா!" என்று அலறினாள். போகவில்லை. விழுந்தபோது தராசின் இடுப்பில் இருந்த வாக்கி டாக்கியின் பேசும் பொத்தான் அழுந்திக்கொண்டது. அது விடுபடும் வரைக்கும் வேறு யாரும் பேச முடியாது, கேட்கத்தான் முடியும். கேட்டாள்.

முதல் அடி முதுகில் என்று நினைக்கிறாள். நனைந்த மெத்தையை அடித்த மாதிரி ஒரு சத்தம். அடுத்தது எலும்பில். "எம் பொண்டாட்டி யாருகூட கிளம்பறா? சொல்லுடா! யாரு கழுத்தை அறுக்கறீங்க?" சின்னவனின் குரல். "அது... அது கதைப்பா..." என்றார் தராசு. "கதையா? எங்கிட்டயே கதை விடறியா?" குழாய் முகத்தில் இறங்கியது. அதற்கப்புறம் அவர் பேசியதில் வார்த்தை இல்லை. தாடை இரண்டாக உடைந்த மனிதனின் சத்தம் அது என்று பிற்பாடு டாக்டர் சொல்லித்தான் தெரிந்தது.

கிடங்கில் முப்பது பேருக்கு மேல் நின்றார்கள். ஒருத்தனும் நகரவில்லை. அது குடும்ப விஷயம் என்று அதற்குள் பேச்சு பரவியிருந்தது.

ஏணியில் இறங்கினால் எப்படியும் மூன்று நிமிடம். குழாய் மறுபடி ஏறியது, இறங்கியது. மூன்று நிமிடம் அந்த உடம்பு தாங்காது. அவள் கிரேனின் ஹாரனை அழுத்தினாள். கிடங்கே அதிர்ந்தது. குண்டன் மட்டும் அண்ணாந்து பார்த்தான். மற்றவர்கள் கேட்டதாகவே காட்டவில்லை. அவள் கைப்பிடியை வளைத்துத் தள்ளினாள்.

நான்கு டன் எடையுள்ள காந்தம் அவர்கள் தலைக்கு மேல் வந்து நின்றது. ஆடாமல் நிறுத்த அவள் புருஷன் சொல்லிக் கொடுத்த வித்தை அவள் விரல்களுக்குத் தெரியும். இறக்கினாள். இன்னும் இறக்கினாள். சின்னவன் இரண்டு கையாலும் குழாயைத் தலைக்கு மேல் ஓங்கிய அந்த நொடியில் சுவிட்சைப் போட்டாள்.

குழாய் அவன் கையோடு மேலே பாய்ந்தது. அவன் விடவில்லை. விட நேரமில்லை. வலது கை, குழாய்க்கும் காந்தத்துக்கும் நடுவில் மாட்டி நொறுங்கியது. நெட்டையின் குழாய் பிடியிலிருந்து பிடுங்கிக்கொண்டு போகும்போது அவன் முன்பல்லை எடுத்துக்கொண்டு போனது. தரையில் கிடந்த துண்டு துணுக்கெல்லாம் உயிர் வந்த மாதிரி எழும்பின. ஒரு தகரத் தகடு குண்டனின் தோளை மேலிருந்து கீழாகத் திறந்துவிட்டு மேலே போய் ஒட்டிக்கொண்டது. தராசு குப்புறப் படுத்திருந்ததால் அவர் முதுகின் மேல் காற்று மட்டும்தான் போனது.

இப்போது காந்தத்தின் அடியில் அரை டன் இரும்பு ஒட்டிக்கொண்டிருந்தது. நேர் கீழே தராசு. சுவிட்சை அணைத்தால் அத்தனையும் அவர் மேல் விழும். அணைக்காமல் நகர்த்தினால், கை மாட்டிய சின்னவன் கூடவே தொங்குவான்.

அவள் யோசித்தாளா? போலீஸிலும் கோர்ட்டிலும் எல்லாரும் கேட்டது இதைத்தான். யோசிக்கவில்லை. கைப்பிடியை மெல்ல, கண்ணாடிச் சாமானைத் தூக்குகிற மாதிரி மெல்ல, மேலே இழுத்தாள். சின்னவனின் கால் தரையை விட்டது. இடுப்புயரம், தோளுயரம். அவன் காற்றில் உதைத்தான். அலைவரிசையில் அவன் அலறல் முழுக்க அவள் அறைக்குள் நிறைந்தது. "அண்ணி! அண்ணி! அண்ணி!" வேறு ஒரு வார்த்தையும் அவனுக்கு வரவில்லை. அவனை அப்படியே இருபதடி தள்ளிக் கொண்டுபோய், ஆளில்லாத மணல் தரைக்கு மேல், கால் தரையில் படும் அளவுக்கு இறக்கினாள். பிறகு அணைத்தாள். அவன் விழுந்தான். மேலேயிருந்து இரும்பும் விழுந்தது, பெரும்பாலும் அவன் மேல் இல்லை.

பிறகுதான் அவள் ஏணியில் இறங்கினாள். எந்தப் படியிலும் நின்று மூச்சு வாங்கவில்லை.

தராசின் இடது காதிலிருந்து ரத்தம் வழிந்துகொண்டிருந்தது. முகம் எங்கே முடிந்து கழுத்து எங்கே ஆரம்பிக்கிறது என்று தெரியவில்லை. தன் துப்பட்டாவைச் சுருட்டி வயிற்றுக் காயத்தில் வைத்து அழுத்திக்கொண்டு, நின்றிருந்த முப்பது பேரையும் ஒரு பார்வை பார்த்தாள். "ஆம்புலன்ஸுக்காவது ஒருத்தன் போன் பண்ணுங்கடா" என்றாள். அவர்கள் ஆள் ஆளுக்கு ஒரே நேரத்தில் போனை எடுத்தார்கள்.

தராசு பிழைத்துக்கொண்டார். தாடையில் கம்பி, நான்கு விலா எலும்பு முறிவு, வயிற்றில் பதினேழு தையல். இடது காது அப்புறம் கேட்கவே இல்லை. சின்னவனுக்கு வலது கையில் கட்டைவிரல் மட்டும் மிஞ்சியது. குண்டனும் நெட்டையும் தையல் போட்டுக்கொண்ட அன்றே போலீஸில் எல்லாவற்றையும் சின்னவன் தலையில் கட்டினார்கள்.

அவளையும் இரண்டு நாள் உட்கார வைத்தார்கள். "நீங்க பேசினது கதைதான்னு எப்படி நம்பறது?" என்றார் பெண் இன்ஸ்பெக்டர். அவள் தோள்பையிலிருந்து ஐந்தாம் பாகத்தை எடுத்து, மடித்து வைத்திருந்த பக்கத்தைக் காட்டினாள். இன்ஸ்பெக்டர் நின்றபடியே இரண்டு பக்கம் படித்தார். உட்கார்ந்து இன்னும் நான்கு பக்கம் படித்தார். "இதுக்காகவா ஒரு மனுஷனை இப்படி அடிச்சான்?" என்றார். ஓர் உயிரைக் காப்பாற்றச் செய்தது என்று பிற்பாடு கோர்ட் அவளை விட்டுவிட்டது. கிரேன் லைசென்ஸை மட்டும் ஒரு வருடம் நிறுத்தி வைத்தார்கள். சின்னவனுக்கு மூன்று வருடம்.

தராசின் வீட்டுக்கு அவள் ஒரே ஒரு முறை போனாள். அவர் மனைவி கதவைப் பாதி திறந்தாள். பின்னால், ஜன்னலோர நாற்காலியில், முகம் முழுக்கக் கட்டோடு அவர் உட்கார்ந்திருந்தது தெரிந்தது.

"நீங்க இல்லேன்னா இவரு இன்னிக்கு இல்ல. எனக்குத் தெரியும்" என்றாள் அவர் மனைவி. "நீங்க இல்லேன்னா இவருக்கு இது நடந்தே இருக்காது. அதுவும் எனக்குத் தெரியும். ரெண்டையும் சேர்த்து வச்சுக்க எனக்குத் தெம்பு இல்லம்மா. இனிமே வராதீங்க."

அவள் தலையாட்டினாள். உள்ளே இருந்தவர் எழுந்திருக்க முயன்று, முடியாமல், கையை மட்டும் கொஞ்சம் உயர்த்தினார். வாழ்த்தா, வேண்டாம் போ என்றதா என்று புரிவதற்குள் கதவு சாத்திக்கொண்டது.

சின்னவனைப் பார்க்க அவள் போயிருக்க மாட்டாள். ஓரகத்திதான் வந்து கூப்பிட்டாள். ஆஸ்பத்திரி வார்டில், கட்டிலோடு இடது கையில் விலங்கு மாட்டி, வலது கையில் பந்து மாதிரி கட்டுப் போட்டுப் படுத்திருந்தான். வாசலில் ஒரு போலீஸ்காரர்.

"நிஜமாவே கதைதானா அண்ணி?"

"கதைதான்."

"தெனமும் கேப்பேன்" என்றான் கூரையைப் பார்த்தபடி. "நிலா, நட்சத்திரம், பாட்டு... கட்டர் இரைச்சல் நிக்கறப்ப காதுல விழறதெல்லாம் கேப்பேன். அந்தாளுகிட்ட அவ்வளவு பேசறீங்களே, ஒரே வீட்டுல இருக்கோம், எங்கிட்ட ஒரு நாளாவது இதெல்லாம் சொல்லியிருக்கீங்களா?"

அவளுக்கு இரக்கம் வரும் என்று எதிர்பார்த்தாள். வந்தது கோபம்தான். "நீ வாயைத் திறந்தா மிரட்டுவ, கையை நீட்டினா அடிப்ப. அந்த மனுஷன் பகல்ல நிலா தெரியுதான்னு கேட்டாரு. நீ என்னிக்காவது எதையாவது கேட்டிருக்கியா? உன் பொண்டாட்டிகிட்டயாவது?"

அவன் மனைவி பக்கம் திரும்பினான். கட்டில் தலைமாட்டில் தண்ணீர் பாட்டிலைத் துடைத்துக்கொண்டிருந்தவள், துடைப்பதை நிறுத்தவில்லை. "எனக்கு என்ன பிடிக்கும்னு உனக்குத் தெரியுமா?" என்றாள், அவனை முதல் முறையாக ஒருமையில் அழைத்து. அவன் ரொம்ப நேரம் யோசித்தான். பாட்டிலை மேசையில் வைத்துவிட்டு அவள் வெளியே நடந்தாள். மறுபடி அந்த வார்டுக்கு வரவில்லை. நேராகத் தன் அம்மா வீட்டுக்குப் போய்விட்டாள்.

அவளும் மகளும்கூட வீடு மாறினார்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமைக் காலை, இருவரும் அட்டைப்பெட்டிகளில் சாமான் கட்டிக்கொண்டிருந்தார்கள். கயிற்றை இழுத்துப் பிடித்தபடியே மகள் கேட்டாள்.

"அம்மா, சித்தப்பாவை வேணும்னுதான் தூக்குனியா?"

கோர்ட்டில் சொன்ன பதில் நாக்கு நுனியில் தயாராக இருந்தது. அவள் கயிற்றை விட்டுவிட்டுத் தரையில் உட்கார்ந்தாள்.

"குழாயை மட்டும்தான் பிடுங்கணும்னு நினைச்சேன். அது நிஜம்."

"ம்."

"அவன் தொங்கிட்டுக் கத்துனப்ப, எனக்கு உள்ளுக்குள்ள சந்தோஷமா இருந்துச்சு. இன்னும் கொஞ்ச நேரம் தொங்கட்டும்னு தோணுச்சு. மெதுவாத்தான் நகர்த்தினேன். ஜாக்கிரதைக்காகத்தான் மெதுவான்னு எல்லார்கிட்டயும் சொன்னேன். ஜாக்கிரதையும் இருந்துச்சு. அது மட்டும் இல்ல."

மகள் அவள் முகத்தையே பார்த்தாள். பயந்துவிட்டாளோ என்று இருந்தது. இவ்வளவையும் ஒரு பிள்ளையிடம் சொல்லியிருக்க வேண்டாமோ என்றும் இருந்தது.

"இதை வேற யார்கிட்டயும் சொல்லியிருக்கியா?"

"இல்ல."

மகள் கொஞ்ச நேரம் முடிச்சை நெருடிக்கொண்டிருந்தாள். "சரி" என்றாள் கடைசியில். அவள் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, விட்ட கயிற்றை எடுத்து அம்மா கையில் கொடுத்தாள். "இழுத்துப் பிடி. இது ரொம்பக் கனம், நடுவழியில அவுந்துடும்."

இருவரும் சேர்ந்து இழுத்துக் கட்டினார்கள். கீழே வண்டிக்காரர் ஹாரன் அடித்துக்கொண்டிருந்தார்.